அறுபத்து நான்கு வீடுகள்

படிவம் நிரப்புவது எனக்கு எப்போதுமே பிடித்த வேலை. நோர்வேக்கு வந்த புதிதில் மற்றவர்கள் அரசாங்கக் காகிதங்களைக் கண்டாலே பயந்தார்கள். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக நிரப்புவேன். ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேருக்கு விசா, பிரஜாவுரிமை, பாலர் பள்ளி இடம் எல்லாவற்றுக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பிழை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

போன கிழமை விசாரணை அதிகாரியாக நீங்கள் மொழிபெயர்ப்பாளரோடு வந்து, நடந்ததை என் சொந்த மொழியிலேயே எழுதித் தரும்படி கேட்டீர்கள். எனக்கும் அதுதான் வசதி. என் பெயர் வசந்தமலர். வயது ஐம்பத்தைந்து. பத்தொன்பது வருடங்கள் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்தேன். குளிக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, காலுறை மாட்டிவிடுவது. அந்தப் பத்தொன்பது வருடத்தில் என் பெயரை முழுதாகச் சொன்னவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். மற்றவர்களுக்கு நான் "வசன்".

மூன்று வருடங்களுக்கு முன்பு ஹன்னா வந்தாள். குறூருட்டாலன் பகுதியில் வாழும் தமிழர்களுக்கு நீரிழிவு எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர் அதைத் தெரியாமலே நடமாடுகிறார்கள் என்று அறிவதற்காக அவள் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டது. முதல் கூட்டத்தில் என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, மூன்றாம் தடவை சரியாகவே சொன்னாள். எனக்கு ஒரு மேசை, என் படம் போட்ட ஓர் அட்டை, கதவில் என் பெயர். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர், வீட்டுக்கே போய்க் கேள்வி கேட்டால் மக்கள் கதவைத் திறப்பார்களா என்று சந்தேகப்பட்டார். "எங்கள் ஆட்கள் எனக்குத் திறப்பார்கள்" என்று நான் சொன்னேன். ஹன்னா அதைக் குறித்துக்கொண்டாள்.

வேலை கடினமானதல்ல. கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு நிகழ்வில் நூற்று இருபது பேர் ஆய்வில் சேரச் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருந்தார்கள். அவர்களின் வீடுகளுக்குப் போய் இருபத்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். தாகம் அதிகமா, கண் மங்குகிறதா, பாதம் விறைக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா. விறைப்பு, புண் இரண்டில் எதற்காவது ஆம் என்று வந்தால் ஒரு கிழமைக்குள் தாதி அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, இரத்தம் பார்க்க நேரம் கொடுப்பாள். படிவத்தை நான் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு காகிதத்தை அழித்துவிட வேண்டும். அது விதி. ஈஸ்டருக்கு முன் நூற்று இருபதும் முடிய வேண்டும்.

ஐம்பத்தாறு வீடுகளுக்கு நான் போனேன். அது உண்மை. அந்த ஐம்பத்தாறையும் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

யதுர்ஷா பெப்ரவரியில் வந்து சேர்ந்தாள். பாலேந்திரனின் மகள். பாலேந்திரன் பஸ் ஓட்டுகிறவர். முன்பு எங்கள் கட்டடத்தில் இருந்து, பிறகு லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக்கொண்டு போன குடும்பம். பிள்ளைக்கு அப்போது பத்தொன்பது வயது. மருத்துவம் படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கதை இல்லாத பிள்ளை. நோர்வேயில் அதற்குப் பரீட்சைப் புள்ளிகளை மட்டும்தான் பார்ப்பார்கள். அவளுக்கு ஒரு புள்ளிக்கும் குறைவாகத்தான் தவறியது. அதனால் ஸ்கொட்லாந்தில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருந்தாள். அங்கே புள்ளிகளோடு ஒரு கடிதமும் எழுத வேண்டும், என்ன அனுபவம் இருக்கிறது என்று. தாய் என்னிடம் கேட்டாள், நான் ஹன்னாவிடம் கேட்டேன், ஹன்னா சரி என்றாள்.

பதினொரு வீடுகளுக்கு யதுர்ஷா போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றரை மணித்தியாலம் இருப்பாள். விறைப்பா, எரிவா, எந்தக் கால், எப்போதிருந்து என்று துருவித் துருவிக் கேட்பாள். பதினொரு பேரில் நான்கு பேரைத் தாதியிடம் அனுப்பினாள். அந்த நான்கு பேரில் மூவருக்கு நீரிழிவு இருந்தது, அவர்களுக்கே தெரியாமல். பிறகு புள்ளியைக் கூட்ட மறுபடி எழுதும் பரீட்சை வந்துவிட்டது, நின்றுகொண்டாள். மிச்சப் பேருக்குத் தொலைபேசி எடுத்து நேரம் கேட்கும் வேலையைக் கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே செய்தாள்.

மீதி ஐம்பத்து மூன்று பேர். அவர்கள் கதவைத் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. வாற கிழமை என்றார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றார்கள். சிலர் ஊருக்குப் போயிருந்தார்கள். மணி அடித்தால் உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நிற்கும், பிறகு ஒன்றும் கேட்காது. மார்ச் முதல் கிழமை ஹன்னா என் மேசைக்கு வந்து, "வசந்தமலர், நீ இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை" என்றாள். எத்தனை முடிந்தது என்று கேட்டாள். நூற்றுக்குக் கிட்ட என்றேன். அவள் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு முதலாவது படிவத்தை எடுத்தேன்.

எல்லோரையும் சுகமாகவே எழுதினேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒருவருக்கும் நோய் எழுதவில்லை. ஆம் என்று போட்டால் தாதி அழைப்பாள், அழைத்தால் அந்த ஆள் "என்னட்டை ஒருத்தரும் வரேல்லையே" என்று சொல்லிவிடுவார். ஆகவே பாதம் விறைப்பதில்லை, புண் இல்லை, தாகம் சாதாரணம். கண் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் மங்கலாக எழுதினேன், வயதுக்கேற்றபடி. அதற்குத் தாதி அழைப்பதில்லை.

படிவத்தின் மேல் மூலையில் நேர்காணல் செய்தவரின் பெயருக்கு ஒரு பெட்டி இருந்தது. நான் ஒருத்தியே ஒரு நாளில் எட்டு வீடுகளுக்குப் போயிருக்க முடியாது. யதுர்ஷாவின் பெயரைப் போட்டேன். அதில் அப்போது எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பெட்டி வெறுமையாக இருந்தால் கணினி ஏற்காது.

ஈஸ்டருக்கு நான்கு நாள் முன்னதாக நூற்று இருபதும் முடிந்தது. ஹன்னா கேக் வாங்கி வந்தாள்.

ஒக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யதுர்ஷா மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தாள். கல்லூரிக்கான கடிதத்தை முடித்துவிட்டாள், ஒரே ஒரு சந்தேகம்தான். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"அன்ரி, உங்களோடை செய்த வேலையை இதிலை போடலாமோ? ஃபோர்ஸ்க்னிங் எண்டு?"

ஆராய்ச்சி என்பதற்கான நோர்வீஜியச் சொல் அது. அந்தப் பிள்ளைகள் இப்படித்தான் கதைப்பார்கள்.

"ஏன் போடக் கூடாது?" என்றேன்.

"பதினொரு வீடுதானே போனனான். அதை ஆராய்ச்சி எண்டு சொன்னா அவையள் சிரிப்பினம். விட்டுடுவமோ எண்டு பாக்கிறன். இது இல்லாமலும் கடிதம் நல்லாத்தான் கிடக்கு."

விடச் சொல்லியிருக்கலாம். நான் விடச் சொல்லவில்லை. இடம் கிடைக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஆராய்ச்சி போட்டிருப்பார்கள், அது இல்லாத கடிதத்தை ஒதுக்கிவிடுவார்கள் என்று சொன்னேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலும் என் கழுத்தில் அந்த அட்டை தொங்கியது. அவள் நம்பினாள்.

"அப்ப பதினொரு பேரைச் சந்திச்சனான் எண்டு எழுதட்டே?"

"பதிவிலை உன்ரை பேரிலை அறுபத்து நாலு கிடக்கு பிள்ளை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அறுபத்து நாலோ? நான் அவ்வளவுக்குப் போகேல்லையே."

"நீ ரெலிபோன் எடுத்து நேரம் கேட்ட ஆக்கள் இருக்கினமெல்லே. அதெல்லாம் உன்ரை கணக்கிலைதான் சேர்த்தது. நீ செய்த வேலை வீணாப் போகக் கூடாதெண்டு."

"ஆனா நேரை போகேல்லை அன்ரி."

"ஆராய்ச்சி எண்டா குழுவாச் செய்யிறதுதான். கல்லூரிக்காரர் ஹன்னாட்டைக் கேட்டா ஹன்னா அறுபத்து நாலு எண்டு சொல்லுவா. நீ பதினொண்டு எண்டு எழுதினா, ஆர் பொய் சொல்லீனம் எண்டு யோசிப்பினம்."

அவள் நகத்தைக் கடித்தாள். நேர்மையான பிள்ளை. நேர்மையான பிள்ளைகளுக்கு இரண்டு எண்கள் ஒத்துப்போகாவிட்டால் தாங்காது. அதை வைத்துத்தான் நான் கதைத்தேன். கடைசியில் எழுதினாள். "அறுபத்து நான்கு குடும்பங்களை அவர்களின் வீடுகளில் சந்தித்து" என்று ஆங்கிலத்தில் எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினாள். "அவர்களின் வீடுகளில்" என்பது நான் சேர்க்கச் சொன்னது. உறுதிக் கடிதம் ஒன்றும் கொடுத்தேன், அதே எண்ணோடு, என் கையெழுத்தோடு.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "தாங்ஸ் அன்ரி, நீங்கள் இல்லாட்டி இதை விட்டிருப்பன்" என்றாள்.

பெப்ரவரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. பாலேந்திரன் வீட்டில் ஐம்பது அறுபது பேருக்குச் சாப்பாடு. நேர்முகத்தில் அந்த ஆய்வைப் பற்றித்தான் கூடக் கேட்டார்களாம். தான் போன ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னாளாம். பாதத்தில் ஊசி குத்தியது தெரியாமல் மூன்று நாள் நடந்த ஓர் அம்மாவைப் பற்றி. அது உண்மையான வீடு, பதினொன்றில் ஒன்று. பாலேந்திரன் எல்லோர் முன்னாலும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது உங்களாலைதான்" என்றார்.

அந்தச் சாப்பாட்டுக்கு மூன்று கிழமைக்கு முன்பு நான் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். தர்மலிங்கத்தாரின் செத்த வீடு. அவரைப் பற்றித்தான் நீங்கள் கூடுதலாகக் கேட்டீர்கள்.

தர்மலிங்கத்தார் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர். எழுபத்தொரு வயது, மனைவி இறந்து தனியாக இருந்தார். ஒரே மகள் ராகவி வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்தில். அவரும் ஆய்வுக்குச் சம்மதித்த நூற்று இருபது பேரில் ஒருவர். நான் இரண்டு தடவை போனபோது வீட்டில் இல்லை. ஐம்பத்து மூன்றில் அவருடையது பதினேழாவது. மார்ச் ஒன்பதாம் தேதி, வீட்டில் சந்தித்தது, பாதம் நல்லது, புண் இல்லை.

மே மாதம் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, நீங்கள் எல்லாற்றை வீட்டையும் வந்து கேக்கிறியளாம். என்னட்டை எப்ப வாறியள்? கால் ஒரே எரிவாக் கிடக்கு. பெருவிரலிலை ஒரு புண், ஆறுதில்லை."

உங்கள் படிவம் முடிந்துவிட்டது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். வயதானவர்கள் தங்கள் ஞாபகத்தை நம்புவதில்லை.

"அப்பிடியே. அப்ப அதிலை என்ன கிடக்கு?"

"படிவத்திலை ஒரு குறையும் இல்லை அண்ணை."

"வாற செவ்வாய்க்கிழமை டொக்டரிட்டை நேரம் எடுத்து வைச்சிருக்கிறன். அங்கை மொழிபெயர்க்க ஆள் வேணும், அதாலை ஒரு மாதம் காத்துக் கிடந்தனான். இனி அது தேவையில்லையோ?"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "அது உங்கடை விருப்பம் அண்ணை. எங்கடை படிவத்தின்படி ஒண்டும் இல்லை" என்றேன். அந்த ஆய்வு இரண்டு கட்டமாக நடந்தது. இரண்டாம் கட்டத்தில் எங்கள் படிவங்களை மருத்துவர்களின் பதிவுகளோடு ஒப்பிடுவார்கள். அவர் செவ்வாய்க்கிழமை அந்தக் காலைக் கொண்டுபோய்க் காட்டினால், சுகம் என்று எழுதிய ஒரு படிவம் தனித்துத் தெரியும். ஒன்று தெரிந்தால் மற்ற ஐம்பத்திரண்டையும் பார்ப்பார்கள். வீட்டில் தேன் இருந்தால் புண்ணில் பூசிப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

அவர் நேரத்தை ரத்துச் செய்துவிட்டார்.

செப்டெம்பரில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. ஜனவரியில் கிருமி இரத்தத்தில் பரவி இறந்தார். செத்த வீட்டில் ராகவி அதிகம் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஏதோ ஆய்வில் இருந்தார், அவர்கள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னார்களாம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

மார்ச்சில் அவள் ஹன்னாவுக்கு எழுதித் தகப்பனின் பதிவைக் கேட்டு வாங்கினாள். வாங்கி ஒரே நாளில் பதில் எழுதினாள். "போன வருடம் மார்ச் ஒன்பதாம் தேதி அப்பா ஒஸ்லோவில் இல்லை, துரொண்ட்ஹெய்மில் என் வீட்டில், என் மகனின் பிறந்தநாளுக்கு வந்திருந்தார், படங்கள் இருக்கின்றன. அப்படியானால் இந்தப் படிவத்தை எழுதியது யார்?"

மேல் மூலையில் யதுர்ஷாவின் பெயர் இருந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். யதுர்ஷாவின் பெயரிலிருந்த அறுபத்து நான்கையும் எடுத்துப் பார்த்தார்கள். முதல் பதினொன்றில் நான்கு பேருக்கு நோய்க்குறி. பிந்திய ஐம்பத்து மூன்றில் ஒருவருக்கும் இல்லை. பிள்ளை முதலில் கவனமாகச் செய்திருக்கிறாள், பிறகு அலுத்துப்போய் வீட்டிலிருந்தே எழுதிவிட்டாள் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. "பிள்ளை தந்ததை நம்பிக் கணினியில் ஏற்றினேன்" என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹன்னா தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

யதுர்ஷா பதினொரு வீடுகளுக்குத்தான் போனேன் என்று சொன்னாள். அவர்கள் அவளுடைய கல்லூரிக் கடிதத்தை ஸ்கொட்லாந்திலிருந்து எடுப்பித்து அவள் முன்னால் வைத்தார்கள். அறுபத்து நான்கு குடும்பங்களை, அவர்களின் வீடுகளில். அன்ரிதான் எழுதச் சொன்னா என்று சொன்னாளாம். என்னைக் கேட்டார்கள். பிள்ளைக்கு உதவி செய்ய நினைத்தேன், பிள்ளை சொன்ன எண்ணைத்தான் உறுதிக் கடிதத்திலும் எழுதினேன் என்றேன்.

மே மாதத்தில் ஒரு பின்னேரம் அவள் தனியாக வந்தாள். மெலிந்திருந்தாள். குசினி மேசையில் போன தடவை இருந்த அதே கதிரையில் இருந்தாள்.

"அன்ரி, அந்த ஐம்பத்து மூண்டையும் ஆர் எழுதினது?"

"உன்ரை பேர்தானே போட்டுக் கிடக்கு பிள்ளை."

"நீங்களோ எழுதினனீங்கள்?"

"என்ன கதை கதைக்கிறாய்?"

"சொல்லுங்கோ அன்ரி. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். எனக்குத் தெரிஞ்சாக் காணும். எனக்கு விசர் பிடிக்கும்போலை கிடக்கு. போகாத வீடெல்லாம் போனமாதிரி இருக்கு."

"எழுதேல்லை எண்டா ஏன் கடிதத்திலை போட்டனி?" என்று கேட்டேன். "நான் ஆயிரம் சொல்லுவன். எழுதினது உன்ரை கைதானே."

அவள் தன் கையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் போய் இருந்து, தலையைத் தடவி, ஒத்துக்கொள் பிள்ளை, சின்ன வயது, பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார்கள், மறுத்துக்கொண்டிருந்தால்தான் பொலிசுக்குப் போகும், அப்பாவின் வேலைக்கும் கதை போகும் என்றேன். அவள் அன்று என் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனாள். அடுத்த கிழமை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாள்.

ஸ்கொட்லாந்தில் இடத்தைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய கடிதம் நான்கு வரி.

ஜூனில் பாலேந்திரன் என் வீட்டுக்கு வந்தார். சீருடையோடு, வேலை முடிந்து நேராக. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் நின்றபடி, "அக்கா, எங்கடை பிள்ளை உங்களையும் இதுக்குள்ளை இழுத்துப் போட்டாள். எந்த முகத்தோடை வாறதெண்டு தெரியாமல்தான் வந்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். தர்மலிங்கத்தாரை மகளே கொன்றதுபோல் அவர் குரல் இருந்தது. மன்னித்துவிட்டேன் என்றேன். இல்லாவிட்டால் அவர் வாசலைவிட்டுப் போயிருக்க மாட்டார்.

அதன்பிறகு அவர்கள் கோயிலுக்கு வருவதில்லை. மகளோடு ஒரு வருடம் அவர் கதைக்கவில்லை என்று தாய் எனக்குச் சொல்லி அழுதாள். அவளை நான்தான் தேற்றினேன். யதுர்ஷா இப்போது ஒரு களஞ்சியத்தில் பொதிகள் பிரிக்கிறாள். வேறு எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. போன மாரியில் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். "சுகமா இருக்கிறியளோ அன்ரி?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். அவள் உண்மையாகவே சுகம் விசாரித்தாள். பிறகு அவளுடைய பஸ் வந்துவிட்டது.

இதை மறுபடி எடுத்திருப்பதாக நீங்கள் அவளுக்குச் சொன்னபோது, அது முடிந்த கதை, தான் கையெழுத்து வைத்தது வைத்ததுதான் என்று சொன்னாளாம். அந்தப் படிவங்கள் தான் எழுதியவையாகவும் இருக்கலாம், இப்போது தனக்கு நிச்சயமில்லை என்றும் சொன்னாளாம். நீங்கள் இதைச் சொன்னபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் என்னைத் தேடி வரக் காரணம் ராகவிதான் என்று எனக்குத் தெரியும். தகப்பனின் சாமான்களோடு கட்டி வைத்திருந்த பழைய கலண்டரை இந்த வருடம்தான் அவள் விரித்துப் பார்த்திருக்கிறாள். மே மாதத் தாளில் டொக்டரின் நேரம் குறித்து, அதை வெட்டி, பக்கத்தில் "வசந்தமலர் சொன்னா, படிவத்தில் குறையில்லை" என்று அவருடைய கையெழுத்தில் இருந்தது. நீங்கள் அதைப் படமெடுத்து எனக்குக் காட்டினீர்கள். அழகான கையெழுத்து. ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர்.

ஒன்றையும் விடக் கூடாது என்று சொன்னீர்கள். ஆகவே இன்னும் ஒன்று இருக்கிறது. இது கலண்டரிலும் இல்லை, பதிவிலும் இல்லை.

யதுர்ஷா கடிதத்தோடு வந்தது ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினேன். அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, நான் வைத்தியசாலைக்குப் போனேன். தர்மலிங்கத்தாரின் காலை எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. முந்திரிகைப்பழம் கொண்டுபோனேன். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு பள்ளமாகிக் கிடந்தது. என்னைக் கண்டு சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் அது இது கதைத்துவிட்டுக் கேட்டார்:

"தங்கச்சி, அந்தப் படிவம் நிரப்பேக்கை ஆர் வந்தது? நீங்களோ? எனக்கு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வருதில்லை."

"நானில்லை அண்ணை" என்றேன். "ஒரு பிள்ளை வந்தது. படிக்கிற பிள்ளை."

"ஓமோ. அப்ப அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிராது." போர்வையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். "பாவம், அதிட்டை இதுகளைச் சொல்லிப்போடாதேங்கோ. மனம் உடைஞ்சுபோகும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்து யோசித்தேன். யாராவது பதிவைத் தோண்டினால் யதுர்ஷாவின் பெயர் இருக்கும். ஆனால் அந்தப் பெயரைக் கணினியில் அடித்தது நான். பிள்ளை போகவில்லை என்று சொன்னால் அவளைத்தான் நம்புவார்கள். போனேன் என்று அவளே தன் வாயால், தன் கையால் சொல்லியிருந்தால்தான் அது நிற்கும். அதை எப்படிச் செய்விப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் அவளாகவே வந்து கதவைத் தட்டி, போடலாமோ விடலாமோ என்று கேட்டாள்.

ஆகவே, ஐம்பத்து மூன்று படிவங்களையும் எழுதியது நான். தர்மலிங்கத்தாரின் கால் எதனால் எரிகிறது என்று எனக்கு அந்த மே மாதமே தெரியும், பத்தொன்பது வருடம் அந்தக் கால்களுக்குத்தான் காலுறை மாட்டினேன். யதுர்ஷாவுக்கு நான் சொன்ன ஆலோசனை யதுர்ஷாவுக்காகச் சொன்னதல்ல. கீழே கையெழுத்து வைத்திருக்கிறேன், தேதியும் போட்டிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் தன்பாட்டில் என்னைத் தமிழில் கேட்டார். அதற்குப் பதில் மிகவும் சாதாரணமானது. நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன். இதற்கு முன்பு ஒருவர்கூட என்னிடம் நேரே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.